போக ஓகே

நான் பத்தாவது பாஸ். அதுவும் முதல் தடவையிலேயே.

(பொய். ஏழாவதோடு நின்றவன். அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி ஏரியில்தான் இருந்தேன்.)

ஆனால் ஒரகடத்தில், கார் கதவுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், ரெண்டு வருஷம் நான் பத்தாவது பாஸாகத்தான் இருந்தேன். வேலைக்குச் சேர்த்துவிட்ட கான்ட்ராக்டர் ஃபாரத்தில் அப்படி எழுதினார். நான் தடுக்கவில்லை. எச்.ஆர். மேடம் மார்க் ஷீட் கேட்கும்போதெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது என்பேன். எந்த வெள்ளம் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். பென்னலூரில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது.

பொய் சொல்லி வேலை பார்க்கிறவனுக்கு ஒரு வியாதி வரும். வாட்ச்மேன் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் இன்னும் சந்தேகம். கேன்டீனில் சாம்பார் ஒரு கரண்டி அதிகம் விழுந்தால், இதுதான் நமக்குக் கடைசி சாப்பாடோ என்று கரண்டிக்காரர் முகத்தைப் பார்ப்பேன். வேலை போனால் எனக்கு மட்டும் போகாதே. வீட்டில் என் மகள் கீர்த்தி இருந்தாள். அப்போது அஞ்சாவது. அவள் அம்மா இல்லை. (அந்தக் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை, விட்டுவிடுவோம்.)

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடிகிறதுக்கு முன்னால் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் கீர்த்திக்கு ரெண்டு ஜடை போட்டு, ரிப்பன் கட்டி, பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் விட வேண்டும். நான் போட்ட ஜடையில் ஒன்று ஸ்ரீபெரும்புதூரைப் பார்க்கும், இன்னொன்று வாலாஜாபாத்தைப் பார்க்கும். "இது ஜடையாப்பா, ஒயரிங்கா?" என்பாள். வெள்ளிக்கிழமை பச்சை ரிப்பன், மற்ற நாளெல்லாம் சிவப்பு. அவசரத்தில் மிச்ச ரிப்பன் என் சட்டைப் பையிலேயே கம்பெனிக்கு வந்துவிடும்.

அந்த ரிப்பன்தான் என்னை மாட்டிவிட்டது. எங்கள் லைனில் இடது கதவுக்கு ஒரு கிளிப், வலது கதவுக்கு ஒரு கிளிப். ரெண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் பஸ்ஸர் அலறி லைனே நிற்கும். எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் சிவப்பு ரிப்பனை இடது டப்பாவிலும் பச்சை ரிப்பனை வலது டப்பாவிலும் கட்டிவிட்டேன், பூ மாதிரி முடிச்சுப் போட்டு. (கீர்த்தி தலையில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.) அதற்கப்புறம் பஸ்ஸர் அடிக்கவில்லை.

அந்த வாரமே ஒரு இன்ஜினீயர் வந்தார். ரிப்பனைப் பார்த்தார். ஃபோட்டோ எடுத்தார். போய்விட்டார். மறுநாள் சூப்பர்வைசர் பாண்டி என்னிடம் வந்தார். மதுரைக்காரர். ரெண்டு வருஷமாக 'ஏய் செல்வம்' என்பதைத் தவிர வேறு மாதிரி என்னைக் கூப்பிடாதவர், அன்றைக்கு "சாப்ட்டீகளாண்ணே?" என்றார்.

அண்ணே! வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரம் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் ரேக்குக்குப் பின்னால் இருந்தேன். (ஒட்டுக்கேட்கவில்லை. காது அங்கே இருந்தது.)

"ஆமா சார், நம்ம செல்வந்தான். போக ஓகே சார். திங்கக்கெழம முடிச்சிருவோம்."

ரெண்டு நாளும் யார் போட்டுக்கொடுத்தது என்று வீட்டில் விசாரணைக் கமிஷன் நடத்தினேன். இன்ஜினீயரில் ஆரம்பித்து, வாட்ச்மேனைத் தாண்டி, மேரி அக்கா வரைக்கும் வந்தது. "இன்னாப்பா, அந்தக்காவ மொறச்சிக்கினே கீற?" என்று கீர்த்தி கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் முடிவு பண்ணினேன்: அவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கெஞ்சிவிடுவது.

திங்கட்கிழமை எச்.ஆர். மேடம் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். கான்ட்ராக்ட் ஆளுக்கு டீ! கதவோரம் பாண்டி சிரித்துக்கொண்டு நின்றார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"மேடம், நான் பத்தாவது இல்ல, ஏழாவது. வெள்ளத்துல ஒண்ணும் போவல, எங்க வூடு மேட்டுல கீது. கேன்டீன் முட்டய டெய்லி கிளவுஸ்ல சுத்தி பொண்ணுக்கு எடுத்துக்கினு போறேன். பொண்ணுக்கு காய்ச்சல்னு லீவு போட்டனே, அது ஸ்கூல் ஆண்டு விழா. அவ முயலா நடிச்சா. என்னை போவ மட்டும் சொல்லாதீங்க மேடம். அந்தப் பொண்ணுக்கு என்னை விட்டா ஆள் இல்ல."

மேடம் மேஜையில் இருந்த பளபளப்பான அட்டையை என் பக்கம் திருப்பினார். பெரிய எழுத்தில் என் பெயர். அதன் கீழே: போக்கா யோக்கே, முதல் பரிசு.

ஜப்பான் வார்த்தையாம். தப்பு நடக்கவே முடியாதபடி செய்து வைக்கிற ஏற்பாட்டுக்கு அந்தப் பெயராம். நான் ரிப்பன் கட்டியது அதுவாம். பாண்டி போனில் சொன்னதும் அதைத்தான்.

"பரிசு குடுக்கத்தான் கூப்ட்டேன் செல்வம்," என்றார் மேடம். "இதெல்லாம் நான் கேக்கவே இல்லயே."

தப்பே நடக்காத ஏற்பாட்டுக்குப் பரிசு வாங்கப் போன இடத்தில், ஒரே மூச்சில் அத்தனை தப்பையும் ஒப்பித்த மகான் நான். பாண்டி கதவைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றார்.

மேடம் சிரிக்கவில்லை. மேஜையில் இன்னொரு பேப்பர் இருந்தது. என்னை லைன் லீடராகப் போடச் சொல்லி எழுதியது. அதற்குப் பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும். அதை எடுத்து டிராயருக்குள் வைத்தார். "இருக்கற வேல போகாது. இது இங்கயே இருக்கட்டும். பாஸ் பண்ணிட்டு வந்து வாங்கிக்குங்க."

முட்டையைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பரிசு ஒரு ஹாட் பாக்ஸ். அதற்கப்புறம் முட்டை கிளவுஸில் போகவில்லை. ஹாட் பாக்ஸில் கௌரவமாகப் போனது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்வதில்லை. மேரி அக்கா கூட, ரேஷன் கடைக்குப் போனாலும், "செல்வம், போக ஓகேவா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

நானும் தனித்தேர்வில் எட்டாவதை முடித்தேன். பத்தாவதில் நாலு பாடம் தேறிவிட்டேன். கணக்கு மட்டும் பாக்கி. எக்ஸ் என்று ஒருவன் வருகிறான், யார் என்று சொல்லவே மாட்டான். அவனை எப்படி நம்புவது? இந்த வருஷம் கீர்த்தியும் பத்தாவது. இன்றைக்கு ரெண்டு பேருக்கும் அதே கேள்வித்தாள், சென்டர் மட்டும் வேறு. போன தடவை மூணே மார்க்கில் நான் கோட்டை விட்டதற்குக் காரணம் என்னவென்றால், அந்த முக்கோணத்தைப் பார்த்ததுமே எனக்கு ஒரு சந்தேகம்...

"அப்பா, எழுதனது போதும். ஆட்டோ வந்து நிக்குது. ஹால் டிக்கெட் மாத்தி எடுத்துக்காத, செவப்பு ரிப்பன் கட்டுனதுதான் உன்னுது. போக ஓகேவா?"