வருகை கட்டாயம்: சினைப்பை விழிப்புணர்வு நாள்

பெண்களின் சினைப்பைமீது விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்று கொண்டிருக்கும் அக்கறைக்கு ஈடாக உலகில் வேறெதையும் சொல்ல முடியாது. பொம்மை அச்சுகளை ஓரங்கட்டி, நாற்காலி போட்டு, 'சினைப்பை நலம்: தாமதம் வேண்டாம்' என்று பதாகையே கட்டியது. அன்று எந்தப் பெண்ணுக்கும் லீவு கிடையாது என்று மேனேஜர் ராஜமாணிக்கம் அன்போடு ஆணையிட்டிருந்தார்.

பொம்மைகளுக்குக் கை ஒட்டும் பூர்ணிமாவுக்கு அந்த அன்பு சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது. சில மாதமாக அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டு வந்தது; சோறு இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குக் கொடுத்திருந்த நாளும் அதுதான்.

"போயிட்டு மத்தியானம் வந்துடுறேங்க சார்."

"என்னாத்துக்கு ஸ்கேனு?"

"சினைப்பையில கட்டி இருக்குதான்னு பாக்கணுமாங்க."

"அட, அதப் பத்தித்தானம்மா இங்க கூட்டமே. அங்க போனா வரிசையில நிக்கணும். இங்க நாக்காலி போட்டிருக்குது."

மறுக்க முடியாத வாதம். பூர்ணிமா உட்கார்ந்தாள்.

பேச வந்த டாக்டர் பானுமதி எளிமையாகச் சொன்னார். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஒட்டுப் புரதங்கள் இருக்கின்றன. கேடரின் என்று பெயர். "நீங்க களிமண் குழம்பு தடவி பொம்மைக்குக் கை ஒட்டுறீங்களே, அது மாதிரி. புற்று வந்தா அந்தப் பிடி விட்டுடலாம். செல்லு கழண்டு வயிறெல்லாம் பரவிடும்."

பூர்ணிமாவுக்குப் புரிந்தது. சரியாக ஒட்டாத கை, சூளையைத் திறக்கும்போது பக்கத்துப் பொம்மையின் மடியில் கிடக்கும். அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று.

மேனேஜருக்கு இன்னும் ஆழமாகப் புரிந்தது. மைக்கை வாங்கினார். "கேட்டீங்களா? ஒரு செல்லு எடத்தவுட்டு நவுந்தா உடம்பே காலி. கம்பெனியும் ஒரு உடம்புதான். சும்மா சும்மா லீவு கேக்குறவங்க யோசிக்கணும்."

"அப்ப நாமதான் புத்துநோயாடி?" என்றாள் பூர்ணிமாவின் பக்கத்தில் இருந்த வாசுகி.

"சும்மா இருடி. சிரிச்சா வயிறு வலிக்குது."

"வயிறு உப்பி, பசி இல்லாம யாருக்காவது இருக்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

பூர்ணிமா கை தூக்கினாள். "எனக்குத்தாங்க. இன்னிக்குத்தான் ஸ்கேனு."

"உடனே அனுப்புங்க சார்" என்றார் டாக்டர். அவருக்குத் திட்டக்குடியில் அடுத்த விழிப்புணர்வு இருந்தது. பொன்னாடையோடு கிளம்பினார்.

"அனுப்பிடலாம். ஒரே ஒரு போட்டோ" என்றார் மேனேஜர்.

போட்டோக்காரர் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு வந்தார். அதற்குள் ஸ்கேன் அறையைப் பூட்டியிருந்தார்கள். ஸ்கேனுக்கு அடுத்த தேதி கிடைக்க இரண்டு மாதமாயிற்று.

அந்தப் படம் இன்றும் ஆபீஸ் வாசலில் தொங்குகிறது. 'தாமதம் வேண்டாம்' என்ற பதாகையின் ஒரு முனையைப் பிடித்தபடி, நிர்வாகம் கேட்டுக்கொண்டவாறே, இடத்தைவிட்டு அசையாமல் நிற்கிறாள் பூர்ணிமா. அவளுடைய செல்களுக்குத்தான் அந்த ஒழுங்கு இல்லை. இரண்டு மாதத்தில் கழன்று வயிறெல்லாம் பரவியிருந்தன.

அவை ராஜமாணிக்கத்திடம் லீவு கேட்கவில்லை.