சாமான் அறையில் நடந்த குடிபூரல்

ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று நாலு தரம் பார்த்தால் அது எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கும் ஆள் நான். (இப்போதும் அப்படித்தான். வீட்டில் யாரும் நம்புவதில்லை, அவ்வளவுதான்.)

இத்தாலியின் பலெர்மோவில் பதினெட்டு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, கபோ சந்தைக்கு மேலே ஒரு பழைய வீட்டை வாங்கித் திருத்தத் தொடங்கினோம். மனைவி ரெஜினா கேட்டது ஒன்றே ஒன்று. அவள் வேலை செய்யும் சிஞ்ஞோராவின் வீட்டில் தரைக்குக் கீழே சுடுநீர்க் குழாய் ஓடுகிறது. கடுங்குளிரிலும் வெறுங்காலோடு நிற்கலாம். மற்றவர்களின் மாபிள் தரையைத் துடைத்தே முழங்கால் தேய்ந்தவள், எங்கள் முன்ஹோலிலும் அப்படி ஒன்று போடுவோமா என்றாள்.

"பிளான் நானே கீறுறன்" என்றேன்.

வியா மக்வேதா வீதி உணவகத்தில் மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவனுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. நான் மூன்று வீடியோ பார்த்திருந்தேன். மகளின் கணிதக் கொப்பியில் வீட்டைக் கீறினேன். வீதிப் பக்கம் ஹோல், பின்பக்கம் சாமான் அறை, இரண்டும் ஒரே அளவு. ஹோல் முழுக்கக் குழாயை முறுக்குப் பிழிவதுபோல் வளைத்து வளைத்து நிரப்பினேன். சாமான் அறையை வெறுமையாக விட்டேன். எந்த அறை எது என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும்தானே.

குழாய் பதிக்க வந்த சல்வோ, நான் வேலையில் நின்ற நேரம் போன் எடுத்து, வீதி தாளின் மேல்பக்கமா கீழ்ப்பக்கமா என்று கேட்டார். என் கையில் நாலு கோப்பை பாஸ்தா. துளியும் தயங்காமல் மேல்பக்கம் என்றேன். ஒருக்கால் வந்து பார்க்கச் சொன்னார். என் வீடு எனக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து நான் போனபோது சீமெந்து இறுகிக் கிடந்தது.

தை மாதம் புதுவீட்டுக் குடிபூரல். காலையிலேயே தரைச்சூட்டைப் போட்டுவிட்டேன். மத்தியானமாகியும் ஹோல் தரை சில்லென்றிருந்தது. சூடேற நேரமெடுக்கும் என்று வீடியோவில் சொன்னார்களே, நான் அசரவில்லை. வீட்டை ஆசீர்வதிக்க வந்த சுவாமியாரையும் பங்கு மக்கள் பதினைந்து பேரையும் வாசலில் சப்பாத்தோடு சொக்ஸையும் கழற்ற வைத்து, பெருமையோடு உள்ளே அழைத்தேன்.

முதல் செபம் முடிவதற்குள் சுவாமியார் ஒற்றைக்காலில் நின்றார்.

மெழுகுதிரி எடுக்க உள்ளே போன ரெஜினா திரும்பவில்லை. தேடிப்போன அவளுடைய தங்கையும் திரும்பவில்லை. பிறகு பின்னாலிருந்து ரெஜினாவின் குரல் மட்டும் வந்தது.

"இஞ்சருங்கோ, எங்கடை ஹோல் இஞ்சையெல்லோ கிடக்கு."

அவ்வளவுதான். சனம் முழுக்கப் பின்னுக்குப் போய்விட்டது. பிரிட்ஜுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே நெருக்கியடித்து நின்றுதான் மீதிச் செபம் நடந்தது. தீர்த்தத்தில் பாதி பருப்பு டின்னில் விழுந்தது. கொப்பியில் வீதியைக் கீழ்ப்பக்கம் கீறியது அப்போதுதான் நினைவுக்கு வர, நான் கதவடியில், குளிர்ந்த பக்கம், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். ரெஜினா வெறுங்காலைத் தரையில் பதித்து, கண்ணை மூடி நின்றாள்.

"நல்ல சூடு" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள் செபம் முடிந்தும் நிறுத்தவில்லை.

சீமெந்தை உடைக்க மனம் வரவில்லை. அறைகளை மாற்றிக்கொண்டோம். இன்றைக்கும் பின்னறையில், ஒரு சின்ன ஜன்னலின் கீழ், நாங்கள் சோபாவில் சூடாக இருக்கிறோம். சந்தையைப் பார்த்த அழகான பல்கனி மூட்டைகளுக்கு. புதிதாக யார் வந்தாலும் என் மகள் முதலில் அங்கேதான் கூட்டிப்போய்க் காட்டுவாள்.

"அப்பா கீறின வீடு. வியூ எல்லாம் அரிசிக்கு."