கல்லாற்று இருவாச்சியும் நாலுபுள்ளி சேச்சியும்

“உனக்க டிகிரி ஒரு பக்கம் இருக்கட்டு மக்ளே. ஒரு வட்டம் வரையத் தெரியுமா?”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னிடம் இப்படிக் கேட்டவர் நாலுபுள்ளி சேச்சி. திருவனந்தபுரத்தில் உள்ள அத்தனை வளைவுகளுக்கும் தானே பொறுப்பு என்று நம்பிய ஒரே மனுஷி அவர். ரோட்டு வளைவுகளை மட்டும் பொதுப்பணித் துறைக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

எங்கள் அலுவலகம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. ஓட்டல்காரர், பல் டாக்டர், குடைக்கடைக்காரர் என்று யார் யாரோ தங்கள் லோகோவைக் கொண்டுவருவார்கள். அது ஒரு மென்பொருளில் வரைந்ததாக இருக்கும். போர்டு அடிக்கிறவர் பத்து வருஷப் பழைய இன்னொன்றில் திறப்பார். சட்டையில் தையல் போடுகிறவருக்கு மூன்றாவது, இரும்பு வெட்டும் மெஷினுக்கு நான்காவது. எங்கே திறந்தாலும் படம் சிதறாமல் இருக்கும்படி சரிசெய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. இந்தப் படங்கள் புள்ளிகளாலும் அவற்றை இணைக்கும் கோடுகளாலும் ஆனவை. ஒரு வட்டத்துக்கு நாலு புள்ளி போதும். ஐந்தாவது புள்ளியைச் சேச்சி ஒழுக்கக்கேடாகவே கருதினார்.

நான் போனக்காடு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். மல்டிமீடியாவில் பட்டமும் வாங்கியிருந்தேன். சேச்சி பாறசாலைக்காரர், பத்தாம் வகுப்போடு நின்றவர், என்னைவிட ஆறே வயது மூத்தவர். இவர் எனக்குப் பரீட்சை வைப்பதா? வேகமாக வரைந்து காட்டினேன். திரையில் மூக்கு உரசும்படி குனிந்து எண்ணினார்.

“பதினொண்ணு. இது வட்டம் இல்ல மக்ளே, பலாக்கொட்டையாக்கும்.”

அன்றைக்கே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

சேச்சி எந்தப் படத்தையும் தலைகீழாகப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டார். நேராகப் பார்த்தால் கண் எழுத்தை வாசிக்கப் போய்விடுமாம், வளைவைப் பார்க்காதாம். படத்தைத் திரையில் திருப்பினால் போதுமே என்றேன். “அது கள்ளத்தனம்” என்றார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைத் திரைக்குக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே பார்ப்பார். ஒருநாள் அந்த நிலையில் அவரைக் கண்ட பல் டாக்டர், மயக்கம் என்று நினைத்துக் கீழே ஓடி எலுமிச்சை சோடா வாங்கிவந்தார். சேச்சி அதை வாங்கிக் குடித்துவிட்டு, “சாரே, உங்க பல்லு இடது பக்கம் வீங்கியிருக்கு” என்றார். டாக்டர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சேச்சி சொன்னது லோகோவை.

கோழி வறுவல் கடைக்காரரின் சேவல் படத்தில் இரண்டாயிரம் புள்ளிகள் இருந்தன. சேச்சி போனைப் போட்டார்.

“சாரே, உங்க கோழிக்கு அம்மை போட்டிருக்கு.”

“ஐயோ, யாரு சொன்னது? என்ட கடையில எல்லாம் ஃப்ரெஷ்ஷாக்கும். காலையில நானும்தான் தின்னேன்.”

“தின்னது போகட்டு. நான் மாத்தி வரையேன்.”

மனிதர் அன்று முழுக்கக் கடையைத் திறக்கவில்லை.

என் முகத்துக்கும் கணக்கு வைத்திருந்தார். “பதினெட்டு புள்ளி வேணும். மூக்குக்கு மட்டும் ஆறு.” அலுவலகமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

படத்தைத் தானாகவே கோடுகளாக மாற்றித்தரும் பொத்தான் ஒன்று உண்டு. ஆட்டோ ட்ரேஸ் என்பார்கள். அழுத்தினால் நொடியில் வேலை முடியும். புள்ளிகள் ஈசலாக மொய்க்கும். சேச்சி அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். ‘மத்தது’ என்பார்.

கல்லாற்றில் புதிதாக விடுதி திறக்கும் அம்மா ஒருவர், இருவாச்சிப் பறவை ஒன்றின் படத்தை போனில் அனுப்பினார். இரும்புத் தகட்டில் வெட்டி வாசலில் வைக்க வேண்டும். முதலாளி சார் கொல்லம் போயிருந்தார். சேச்சி மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போக மதியமே கிளம்பினார்.

“பறவைக்கு நான் நாளைக்குக் கை வைக்கேன். நீ தொடாதே, கேட்டியா?”

அந்தத் ‘தொடாதே’தான் எனக்குத் தாங்கவில்லை. பேனாக் கருவியால் அரைமணி நேரம் வரைந்து பார்த்தேன். அலகு வரவில்லை. பிறகு மத்ததை அழுத்தினேன். திரையில் இருவாச்சி அத்தனை அழகாக இருந்தது. வெட்டுகிறவருக்கு நானே அனுப்பினேன்.

வெட்டும் மெஷின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கணம் தயங்கி அங்கே ஒரு வடுவைச் சுட்டுவிட்டுத்தான் நகரும். இருவாச்சிக்கு ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அந்த அம்மா தகட்டைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு விரலில் கைக்குட்டை கட்டியிருந்தது.

“இது பட்சியா, ரம்பமா?”

“யாரு செஞ்சது?” என்றார் சார்.

சேச்சி ஃபைலைத் திறந்தார். ஒரு பார்வைதான். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே செருகியிருந்த சார்ஜரை மறுபடியும் செருகிக்கொண்டிருந்தேன்.

“நானாக்கும் சார். போற அவசரத்துல மத்ததை அழுத்திட்டேன்.”

அதை நம்பியவர் சார் ஒருவர்தான். மறுநாளே சேச்சியைக் கவுண்டருக்கு மாற்றினார். வருகிறவர்களின் பென்டிரைவை வாங்கி வைக்கும் வேலை. அவருடைய இடத்தில் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன்.

மாடிப்படியில் சேச்சியை மடக்கி, “ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்றேன். நன்றி சொல்லுகிற குரலில் அல்ல, சண்டைக்குப் போகிற குரலில்.

“உனக்கு வேலை நிரந்தரமாவதுக்கு இன்னும் பத்து நாள் உண்டு இல்லியா? என்னை வெளிய தள்ள மாட்டாரு. போ, போய் சாயா குடி.”

போய்க் குடித்தேன்.

ஏழு மாதங்கள். சேச்சி கவுண்டரிலிருந்து எட்டி என் திரையைப் பார்த்ததே இல்லை. யாராவது விசிட்டிங் கார்டு நீட்டினால் மட்டும் அதைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு டிராயரில் போடுவார். நான் அவர் பக்கம் போகாமல் இருக்க, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

போன வாரம் அப்பா என்னைப் பார்க்க வந்தார். என் மேசையில் இருக்கும் பெயர்ப்பலகையைக்கூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. கவுண்டரில் சேச்சி எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார்.

“உங்க மகளாக்கும் இப்ப இங்க எல்லா ஃபைலும் பாக்கியது. நல்ல கை.”

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “வீட்டுல எப்பவும் உங்களைப் பத்தித்தாம்மா பெருமையாச் சொல்லும்.”

மரியாதைக்குச் சொன்ன பொய் அது. வீட்டில் நான் பலாக்கொட்டைக் கதையைத்தான் சொல்லியிருந்தேன், அதுவும் திட்டித் திட்டி. சேச்சிக்கு அது தெரியாதே.

“அப்படியா சொன்னா?” என்றார். பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டு மறுபடியும் கேட்டார், “நெசமாவா?”

அந்த முகத்தைப் பார்த்தபிறகு என்னால் அவருடைய இடத்தில் உட்கார முடியவில்லை.

இன்று காலை எட்டரைக்கே வந்து சாரிடம் சொல்லிவிட்டேன்.

“இருவாச்சி ஃபைல் நான் செஞ்சது சார். சேச்சி இல்ல.”

“ஏழு மாசம் கழிஞ்சா சொல்றது?”

“ஆமா சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முடிவு ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்துவிட்டேன். இதை இங்கிருந்துதான் எழுதுகிறேன். சேச்சி வரும் பாறசாலை பஸ் இன்னும் வரவில்லை. சேச்சி குள்ளம். ஏழு மாதமாக நான் உயர்த்தி வைத்திருந்த நாற்காலியைத் துடைத்து, அவருடைய உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறேன்.