பகைச் சான்றிதழ் வாங்கிய கீரி

ஒரு காட்டில் வேம்பையன் என்றொரு கீரி இருந்தது. பாதி ஆயுளை ஒரு வித்தைக்காரனின் கூடையில் கழித்த கீரி அது. ‘கீரிக்கும் பாம்புக்கும் சண்டை’ என்று சந்தைக்குச் சந்தை அவன் கூவுவான். கூட்டம் கூடும், தாயத்து விற்கும், சண்டை மட்டும் நடக்கவே நடக்காது. பக்கத்துக் கூடை நல்லபாம்பு மாசிலாமணியோடு வேம்பையன் போட்ட ஒரே சண்டை, முட்டையில் யாருக்குப் பெரிய பங்கு என்பதுதான். அதிலும் தோற்றது வேம்பையன்தான்.

வித்தைக்காரன் தொழிலை விட்டதும் இரண்டும் காடு திரும்பின. வேம்பையன் ஒரு வளை பிடித்துக் குடும்பமும் ஆனபிறகு காட்டில் புதுச் சட்டம் வந்தது. பாம்போடு பரம்பரைப் பகை உண்டு என்று சான்றிதழ் காட்டும் கீரிக்குத்தான் வளை. இல்லாவிட்டால் பெண்டாட்டி, மூன்று குட்டிகளோடு வெளியேற வேண்டும். வளை பெருச்சாளிக்குப் போய்விடும். வேம்பையன் மாசிலாமணியிடம் ஓடியது.

“மாசி, உன்னைத் தவிர வேற பாம்புன்னாலே எனக்கு உதறும். நான் எங்கே போய்ப் பகைன்னு சொல்வேன்?”

“அழாதடா. நானே வந்து உன் எதிரின்னு சொல்றேன்” என்றது மாசிலாமணி.

அலுவலகத்தில் நீண்ட வரிசை. குமாஸ்தா ஆமை இரண்டையும் ஏற இறங்கப் பார்த்தது.

“எதிரியைக் கையோட கூட்டிட்டு வந்த முதல் கீரி நீதான்யா. வாயால சொன்னா ஆகாது. என் கண்ணு முன்னால சண்டை போடு, கையெழுத்துப் போடறேன்.”

வேம்பையனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். மண்ணில் ஒரு வட்டம் கிழித்தது.

“பெரியோர்களே! இன்னும் கொஞ்ச நேரத்துல கீரிக்கும் பாம்புக்கும் சண்டை! யாரும் கையைக் கட்டாதீங்க! பாதியில போனா ரத்தம் கக்குவீங்க!”

முயலும் நரியும் காட்டெருமையும் வரிசையை விட்டு வட்டமாக நின்றன. மாசிலாமணி படமெடுத்தது. வேம்பையன் மயிரைச் சிலிர்த்துக்கொண்டது. பிறகு மாசிலாமணி படத்தை இறக்கிக்கொண்டது, வேம்பையன் காதைச் சொறிந்தது. “இதோ, இப்போ!” என்று மறுபடி ஒரு கூவல். மதியம் ஆனது. ஆமை சாப்பிடக்கூடப் போகவில்லை. அலுவலகம் மூடும் நேரமும் வந்துவிட்டது.

ஆமை பேனாவை எடுத்து யோசித்தது. காலையிலிருந்து வேடிக்கை பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினால் மேலதிகாரி சிங்கம் சும்மா விடுமா? ‘கடும் சண்டை. நேரில் கண்டேன்’ என்று எழுதி முத்திரை குத்தியது.

“ஆமாமா, நானும் பார்த்தேன்” என்றது முயல்.

“ரெண்டாவது சுற்றுலதான் அனல் பறந்துச்சு” என்றது நரி.

வேம்பையன் மானம் கெட்ட மகிழ்ச்சியோடு சான்றிதழை வாங்கிக்கொண்டு வளைக்கு ஓடியது.

நீதி: நடந்த சண்டைக்கு ஒரு சாட்சியும் கிடைக்காது; நடக்காத சண்டைக்கு ஊரே சாட்சி. இந்தக் கதையில் சண்டை வரும் என்று நம்பிக் கடைசிவரை படித்தவர்களும், யாராவது கேட்டால், “பிரமாதமான சண்டை” என்றே சொல்லிவிடவும்.