சவ வண்டியில் உயிரோடு ஏறுகிறவர்கள் பற்றி அக்காவுக்கு

கார்வெல், அலபாமா
1956 ஏப்ரல் 9, திங்கட்கிழமை

அன்புக்கும் அதைவிட அதிகமாகப் பயத்துக்கும் உரிய என் அக்கா ஏர்லீனுக்கு, தம்பி லூஷியஸ் டார்வர் எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் என் மனைவி ஒடெஸாவும் உடம்பளவில் சுகம். டெட்ராய்டில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. "அப்பா வச்சுட்டுப் போன சவ வண்டியில சலவைக்காரிகளையும் சமையக்காரிகளையும் ஏத்திக்கிட்டு ஊர் சுத்துறியாமே, புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று கேட்டிருந்தாய். அடக்கத் தொழிலில் பாதிப் பங்கு உன்னுடையது. ஆகவே கேட்கிற உரிமை உனக்கு உண்டு. ஆனால் இவ்வளவு மெதுவாகக் கேட்டால் போதாது, அக்கா. "வண்டியை உடனே நிறுத்து, இல்லாவிட்டால் என் பங்கைப் பிரித்துக் கொடு" என்று உன் கைப்பட ஒரு கண்டிப்பான கடிதம் எழுது. அதை ஒடெஸாவிடமும் போதகரிடமும் காட்டி, "நான் என்ன செய்ய, அக்கா விடமாட்டேங்குறா" என்று சொல்லி இதிலிருந்து கழன்றுகொள்கிறேன். நானாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நடந்ததைக் கேட்டால் உனக்கே புரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஆமென். வெல்மாம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், நம் அம்மாவோடு சலவைக்குப் போனவள், இப்போது எழுபத்திரண்டு வயது. ஜனவரியில் ஒரு நாள் அவள் பஸ்ஸின் முன்வாசலில் காசைப் போட்டுவிட்டு, முன்பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு என்பதால் வழக்கம்போல் கீழே இறங்கிப் பின்வாசலுக்கு நடந்து வருவதற்குள், அந்த டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கிழவி சேற்றில் நின்றாள். அன்றிலிருந்து நம் ஜனம் ஒருத்தரும் பஸ் ஏறுவதில்லை. நல்லதுதான், நானும் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன், மனசுக்குள் மட்டும். போதகர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்திலெல்லாம் என் வாய் தானாக "ஆமென்" சொல்லும் என்பது உனக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், தூங்கினாலும் சொல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை லேசாகக் கண்ணசந்துவிட்டேன். போதகர், "கார் வச்சிருக்கிறவங்க எல்லாம் ஜனங்களை வேலைக்குக் கொண்டுவிட முன்வந்துட்டாங்க, ஊர்லயே பெரிய வண்டி நம்ம லூஷியஸ் ஐயாகிட்டதான் இருக்கு, அதையும் தினமும் காலைல சாயங்காலம் தருவாரா?" என்று கேட்டு மூச்சு வாங்கியிருக்கிறார். என் வாய் சொல்லிவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் சபையே எழுந்து நின்று கை தட்டுது, ஒடெஸா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தாங்க உங்களை நினைச்சுப் பெருமையா இருக்கு"ன்னு அழறா. தூங்கிட்டேன்னு அப்புறம் எப்படிச் சொல்ல?

மறுநாள் ஆரம்பிச்சது பாரு ரகளை. எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் முன் சீட்டு வேணுமாம். "பின்னாடி உட்கார மாட்டோம்னுதானே பஸ்ஸை விட்டோம், உன் வண்டியிலயும் பின்னாடியா?"ன்னு வெல்மாம்மா கேட்டா. நியாயம்தானே? கடைசியில ஒடெஸா முறை போட்டு ஒரு பட்டியல் எழுதி உள்ளே ஒட்டினா. அதுக்கப்புறம் பெட்டி வைக்கிற இடத்துல உட்கார மத்தவங்க பயந்தாங்க. வெல்மாம்மா தலைகாணியோட வந்து, "தள்ளுங்கடி, நான் எப்படியும் பழகிக்கணும்"னு காலை நீட்டிப் படுத்துட்டா. அப்பா வண்டியில இப்போ வறுத்த மீன் வாசனை, அக்கா. பின்னல் ஊசி குத்தி ஒரு ஜன்னல் திரையில ஓட்டை. முதல் நாள் ஒரு துரைசானி தன் சமையக்காரி சவ வண்டியிலேர்ந்து இறங்கி வாசலுக்கு நடந்து வர்றதைப் பார்த்துட்டுப் பால் புட்டியைக் கீழே போட்டுட்டாளாம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துப்பேன், போலீஸைத்தான் பொறுக்க முடியல. மத்தவங்க காரையெல்லாம் மடக்கி அபராதச் சீட்டுக் கிழிக்கிறாங்க. வேகமாப் போனா ஒரு சீட்டு, மெதுவாப் போனா ஒரு சீட்டு, சரியான வேகத்துல போனா, சந்தேகப்படும்படியாப் போனதுக்கு ஒரு சீட்டு. இருபது காரு ஓடின இடத்துல இப்போ ஒம்பதுதான் ஓடுது. ஆனா சவ வண்டி வந்தா யாரா இருந்தாலும் ஓரங்கட்டி நின்னு தொப்பியைக் கழட்டுறதுதானே நம்ம ஊர் வழக்கம்? அதனால என்னை ஒருத்தனும் மடக்கல. சந்திப்பில நிக்கிற டட்லிங்கிற போலீஸ்காரர் தினமும் ரெண்டு வேளை மத்த வண்டியையெல்லாம் நிறுத்தி, தொப்பியை நெஞ்சில வச்சுக்கிட்டு வழி விடுறார். சந்திப்பு வர்றதுக்குள்ள முன் சீட்டுக்காரியும் பின்னால போயிடுவா, உள்ளே திரைக்குப் பின்னால எட்டுப் பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறதுல வண்டியே குலுங்குது. எனக்கு வேர்த்துக் கொட்டுது. போன வாரம் டட்லி ஜன்னல்கிட்ட வந்து, "டேய் லூஷியஸ், உங்க பக்கம் என்னடா கொள்ளை நோயா? காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு போகுதே"ன்னார். "வயசானவங்க ஜாஸ்திங்க ஐயா"ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து கஷாயம் குடிச்சேன்.

வியாழக்கிழமை நிஜமாவே ஒரு அடக்கம். நம்ம சபை மூப்பர் எஸ்ரா லைல் காலமாயிட்டார். அவர் வீட்டுக்குப் போற வழியில நாலு பேர், கொண்டுபோற காரைப் போலீஸ் பிடிச்சதால நடுத்தெருவில நிக்கிறாங்க. விட்டுட்டுப் போக மனசு வரல, ஏத்திக்கிட்டேன். துக்க வீட்டு வாசல்ல நாலு பேரோட போய் நின்னா எப்படி இருக்கும், நினைச்சுப் பாரு! மூப்பர் சம்சாரம் ஹாட்டி வெளியே வந்தாங்க, வண்டிக்குள்ள எட்டிப் பார்த்தாங்க. "இவரு எங்கயும் ஓடிப்போக மாட்டாரு. இவங்க லேட்டாப் போனா வேலை போயிடும். முதல்ல இவங்களை விட்டுட்டு வாங்க"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு, அக்கா, பொய் சொல்லல. ஆனா அப்பா நடத்தின தொழிலுக்கு இது அழகா?

நான் பயந்தாங்கொள்ளி, உன்கிட்ட ஒளிச்சு என்ன. கடை லைசென்ஸ் வெள்ளைக்காரங்க கையெழுத்துப் போட்டுத் தர்றது. நாளைக்கு டட்லிக்கு விஷயம் தெரிஞ்சா கடையும் போகும், நானும் உள்ளே போவேன். ஆனா நானா நிறுத்தினா இந்த எட்டுப் பேருக்கும் பஸ்ஸை விட்டா வேற கதியில்லை. எட்டுப் பேர் ஏறினா எண்பது பேர் ஏறுவாங்க, மூணு மாசப் பாடும் வீண்னு போதகர் சொல்றார். அந்தப் பழி என் தலையில விழ வேண்டாம். டெட்ராய்ட்ல இருக்கிற உன் தலையில விழுந்தா உனக்கென்ன குறைஞ்சுடும்? அதனாலதான் கெஞ்சுறேன், அந்தக் கடிதத்தைத் தாமதிக்காமல் எழுதி அனுப்பு.

அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கோபத்தையும் கொஞ்சம் தணிப்பாராக.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
லூஷியஸ்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. இதை ஜெயிலிலிருந்து எழுதுறேன், பதறாதே. தபாலில் போட இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத்தான் காலைல வண்டி எடுத்தேன். சந்திப்பு வந்ததும் உள்ளே யாரோ அடக்க முடியாம சத்தமா சிரிச்சுட்டாங்க. டட்லி பின்கதவைத் திறந்தார். ஏழு பேர் உட்கார்ந்திருக்காங்க, வெல்மாம்மா நடுவில படுத்திருக்கா. அவருக்கு முகமெல்லாம் சிவந்துபோச்சு. "செத்தது யாரு?"ன்னு கத்தினார். வெல்மாம்மா படுத்த வாக்கிலேயே, "பஸ் கம்பெனிங்க"ன்னா. நானே சிரிச்சுட்டேன், அக்கா. அதுக்குத்தான் விலங்கு மாட்டினாங்கன்னு நினைக்கிறேன்.

போலீஸ் காரில் ஏறினப்புறம் திரும்பிப் பார்த்தேன். எட்டுப் பேரும் பையை எடுத்துக்கிட்டு ஆறு மைல் நடக்க ஆரம்பிச்சுட்டாங்க, வெல்மாம்மாதான் முன்னாடி. பக்கத்துலயே காலி பஸ் வந்து நின்னு கதவைத் திறந்துச்சு. ஒருத்தியும் திரும்பிக்கூடப் பார்க்கல. நான் இல்லாட்டி ஏறிடுவாங்கன்னு உனக்கு எழுதினேனே, வெட்கமாப் போச்சு. வண்டியைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க, சாவி ஒடெஸாகிட்ட இருக்கு. அவளுக்குக் கியர் மாத்தத் தெரியாது, முதல் கியரிலேயே ஊரைச் சுத்தி ஜனங்களை இறக்கிவிடுறாளாம். ஆகவே அந்தக் கண்டிப்புக் கடிதம் வேண்டாம், இந்தப் பின்குறிப்பைப் படிக்கிறதுக்குள்ள எழுத ஆரம்பிச்சிருந்தாலும் அடுப்பில போட்டுடு.

இங்கே பேர் பதிகிறவன், "தொழில் என்ன?"ன்னு கேட்டான். இருபத்தாறு வருஷமா "அடக்கம் பண்றவன்"னு சொல்லிப் பழகின வாய் இது. இன்னிக்கு "டிரைவர்"னு சொன்னேன். அவன் தலையை நிமிர்த்தி, "என்ன?"ன்னான். இன்னொரு தடவை சத்தமா சொன்னேன்.