குளத்துக்காகக் கை தூக்கியவர்

கங்கை கடலில் போய்ச் சேர்வதே கல்கத்தா டாக்குரியாவில் இருக்கும் வெங்கடநாராயண மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான். அவர் வேண்டாமென்றால் பேசாமல் இமயமலைக்கே திரும்பிவிடும்.

'சந்தையில் விட்டால் சரியாகிவிடும்' என்கிற இனம் அது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். பஸ்ஸில் கூட்டமென்றால் ஜன்னலோர இருக்கையை ஏலம் விடச் சொல்வார். சாம்பாரில் உப்பு கூடினால் போட்டி இல்லாத சமையல் என்பார். காவிரிச் சண்டையை ஒரே மத்தியானத்தில் தீர்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லையே என்று வருத்தப்படுவார். வங்கியில் ஓய்வு பெற்றவர், வேறென்ன செய்வார்?

இந்தப் பங்குனியில் அவருக்கென்றே ஒரு காவிரி வாய்த்தது. குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குளம். மொட்டைமாடியில் கத்தரியும் புடலையும் போட்டவர்கள் அதிலிருந்து வாளி வாளியாக இறைத்தார்கள். தண்ணீர் வற்ற வற்ற, நாணலுக்குள் முட்டையிட்டிருந்த கானாங்கோழியை நோக்கிக் கரைப் பூனை தினம் ஓர் அடி முன்னேறியது.

மாமா சந்தை திறந்தார். ஒரு பாட்டில் மூடிக்கு ஒரு வாளி. வீட்டுக்கு இத்தனை மூடி. வேண்டாதவர் வேண்டியவருக்கு விற்கலாம். குளத்துக்கும் பங்கு உண்டு. அதை யாரும் வாங்காவிட்டால் தண்ணீர் அங்கேயே கிடக்கும்.

கீழ்வீட்டு ஸ்நேகா வாயைத் திறந்தாள். பதினோராம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருப்பவள். யாரையாவது சீண்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"குளத்துக்காக யார் கை தூக்கறது மாமா?"

"நான்தான். டிரஸ்டி."

"உங்க கத்தரிக்காய்க்கு?"

"அதுவும் நான்தான்."

"அப்ப ரெண்டு நாற்காலி போடட்டுமா?"

போட்டாள். மனுஷன் உட்கார்ந்தாரே, அதைச் சொல்லுங்கள்.

"மூடிக்கு ரெண்டு கத்தரிக்காய் தரேன்," என்றார் விவசாயி நாற்காலியிலிருந்து. எழுந்து குளத்தின் நாற்காலிக்கு மாறினார். "மீன் கத்தரிக்காய் திங்குமாய்யா?"

"சரி, மூணு."

"போய் வேற குளம் பாருங்கோ."

"குளத்தை வித்தாச்சுன்னா எழுந்து வாங்கோ, காபி ஆறறது," என்று அவர் மனைவி ஜலஜா மாமி உள்ளேயிருந்து சொன்ன பிறகுதான் குளம் இறங்கி வந்தது. தன் பங்கு முழுவதையும் மூடிக்கு நாலு கத்தரிக்காய் வீதம் விவசாயிக்கே விற்றுவிட்டது.

"பாத்தியா, சந்தை பேசிடுத்து," என்றார் மாமா. பூனைக்கும் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து ஸ்நேகா மூடி சேர்க்கத் தொடங்கினாள். ஒரு வீட்டுக்கு லேக் மார்க்கெட்டிலிருந்து கறிவேப்பிலை வாங்கிக் கொடுத்து, இன்னொரு வீட்டு நாயைக் குளிப்பாட்டி, மாமிக்குப் பூரி தேய்த்து மாமாவின் மூடிகளையே வாங்கி. எதற்கடி என்றவர்களிடம், வருஷப் பிறப்பன்று தொட்டி நிரப்பி மாமாவை உள்ளே தள்ளப்போவதாகச் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். அப்படி ஒரு நல்ல பெயர் அவளுக்கு.

கத்தரி வாடியது. குளம் இறங்கவில்லை. ஒரு காலையில் கரையில் உட்கார்ந்து நாணலையே பார்த்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் மாமா வந்து நின்றார்.

"மூடியெல்லாம் உன்கிட்டதான் இருக்காம். ஒரு வாளி கூட எடுக்கலையே நீ?"

"விலை ஏறட்டும்னு வெச்சிருக்கேன்."

"முட்டை பொரியட்டும்னு வெச்சிருக்கே."

ஸ்நேகா ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பூனை இருந்த பக்கம் விட்டெறிந்தாள்.

நீங்களும் இப்படி எதையாவது வாங்கிச் சத்தமில்லாமல் விட்டுவைத்திருக்கிறீர்களா? மாமா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதோ, அவளை விட்டாரா பாருங்கள்.

"இஷ்டப்பட்டவா வித்தா, நீ வாங்கினே, தண்ணி குளத்துலயே நின்னுது. இதைத்தானேடி நான் சொன்னேன்?" என்றார், கால்சட்டையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தபடி. "கொஞ்சம் நகரு. நீ நம்ம கட்சி."