சூப் தட்டில் விழாத கப்பல்

"அந்தத் தட்டுல நம்ம கப்பல் வுழக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் பெர்னதெத், கதவை மறித்துக்கொண்டு. "வுழுந்துச்சின்னா வூட்டுக்கு வராதீங்க. கிளப்புலயே படுத்துக்குங்க."

ரெமிஜியஸ் வெள்ளைக் கோட்டுக்குப் பித்தான் மாட்டிக்கொண்டிருந்தார். "பொம்மைக் கப்பல்மே அது. வெரல் நீளம் கூட இல்ல."

"பொம்மையோ என்னமோ. அது பேரு இன்னா? ஹேமாவதி. நம்ம ஜெயராஜ் எந்தக் கப்பல்ல இருக்கான்? ஹேமாவதி. அப்புறம் இன்னா?"

அப்புறம் ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பெங்களூரில் பட்டாளம் இருக்கும் தண்டுப் பக்கம் துரைமார் கிளப்பில் தலை நரைக்கிற வரைக்கும் பட்லராக இருந்தவருக்கு, எதை வீட்டில் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தெரியாமல் போனது. முந்தின நாள் சாயந்தரம் டீ குடிக்கும்போது அந்தப் பேரை உளறிவிட்டார்.

ஜெர்மன் சண்டையும் ஜப்பான் சண்டையும் சேர்ந்து நடந்துகொண்டிருந்த காலம். ஒரு காலைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு வந்த கப்பல் கேப்டன் ஒருவர் கிளப்பில் தங்கியிருந்தார். பொழுது போகாமல் மரத்தைச் செதுக்கிச் சின்னச் சின்னக் கப்பல் செய்வார். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ அவர் பெட்டியில் புதிதாகச் சேரும். அவருக்கு எடுபிடியாக இருந்த ஆர்டர்லி ரங்கா அதற்குச் சாம்பல் வர்ணம் அடித்து, அடியில் பேர் எழுதுவான்.

அந்தக் கப்பல்களை வைத்து துரைமார் போட்டி நடத்தினார்கள். டான்ஸ் ஹால் தரைதான் கடல். முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டே, எதிராளி கப்பல் எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று கண்ணால் மதிப்புப் போட்டு, தரையில் சாக்பீஸ் கோடு போட வேண்டும். கேப்டன் அளவுகோல் வைத்துப் பார்ப்பார். மதிப்பு சரியாக இருந்தால் குண்டு விழுந்த கணக்கு. முழுகின கப்பலைப் பொறுக்கி சூப் தட்டில் போடுவார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது ரெமிஜியஸ் வேலை. அசல் சண்டைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் பொய்ச் சண்டைக்குப் பந்தயம் கட்டினார்கள். கோப்பை வேறு உண்டு.

கப்பல் பேரை யாரிடமும் சொல்லாதே என்று ஜெயராஜுக்கு உத்தரவு. ரயில்வே ஸ்டேஷன் சுவரெல்லாம் அதே நோட்டீஸ்தான். அவன் அம்மா காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். பம்பாயிலிருந்து கொஞ்ச நாள் காகிதம் வந்தது. பிறகு மழைக்காலம் வந்து போயும் ஒன்றும் வரவில்லை. தபால் தாமதம் என்றார்கள். பட்டாளத்துக்காரன் சொல்கிற சமாதானத்தை நம்புகிறவன் எதையும் நம்புவான்.

ஆனால் கேப்டன் மட்டும், போட்டிக் கப்பல்களின் பேரைப் படிக்கும்போது, ஹால் நடுவில் நின்று "ஹேமாவதி!" என்று தொண்டை கிழியக் கூவினார். துரைக்கு ஒரு சட்டம், பட்லர் பிள்ளைக்கு ஒரு சட்டம். ரெமிஜியஸுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"அது முழுகினா நம்ம புள்ளைக்கு ஆவாது" என்றாள் பெர்னதெத். "மாதாவுக்கு வேண்டிக்கினு இருக்கேன். நீங்களும் ஒரு கை குடுங்க."

முதல் ஆட்டத்தில் ஹேமாவதி ஒல்லித் துரை ஒருவர் பக்கம் இருந்தது. எதிரே டாக்டர் துரை. டாக்டர் மோவாயைத் தடவி, ஹேமாவதிக்கு மதிப்புப் போட்டு, கோடு கிழித்தார். கேப்டன் அளவுகோலோடு குனிந்தார். ரெமிஜியஸ் எட்டிப் பார்த்தார். மதிப்பு சரி.

மறு கையிலிருந்த சோடா கிளாஸ் தானாகச் சாய்ந்தது. கோடு கரைந்து ஓடியது.

"சாரி சார்! கை வழுக்கிடுச்சி சார்!"

அந்தக் குண்டு செல்லாது என்றார் கேப்டன். டாக்டர் சாபம் விட்டார். கடைசியில் ஒல்லித் துரை ஜெயித்தார்.

"பொழச்சிதா?" என்று வாசலிலேயே கேட்டாள் பெர்னதெத்.

"பொழச்சிது."

"மாதாவே! பெட்டிக்குள்ள போயிடுச்சா?"

"எங்க போவும்? தோத்தவன் கப்பல்தான் பெட்டிக்குப் போவும். ஜெயிச்ச கப்பல் மறுபடி ஆடணும்."

"அப்ப எதுக்கு ஜெயிக்க வுட்டீங்க? கப்பலும் முழுகக் கூடாது, ஆட்டமும் தோக்கணும். இது கூடத் தெரியாம நீங்க இன்னா பட்லரு?"

இரண்டாவது ஆட்டத்தில் ரெமிஜியஸ் உஷாராக இருந்தார். யாரும் பார்க்காதபோது ஷூ முனையால் ஹேமாவதியைத் தள்ளி ஜன்னல் திரைக்கு அடியில் விட்டார். குண்டு படாது. அது இல்லாமல் ஒல்லித் துரை தோற்றும் போவார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

எதிராளி கப்பலெல்லாம் திரையைத் தாண்டிப் போன பிறகு ஒல்லித் துரை தன் கப்பலைத் தேடினார். திரையைத் தூக்கினார். எதிராளிக்கு முதுகுப் பக்கம் ஹேமாவதி நின்றுகொண்டிருந்தது. பெரிய கப்பல் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக சூப் தட்டில் வந்து விழுந்தன.

"பிரில்லியன்ட்!" என்று கைதட்டினார்கள். ஒல்லித் துரை, எல்லாம் தன் யோசனை என்பதுபோல் தலை ஆட்டினார். பிறத்தியான் வேலைக்குத் தலை ஆட்டுகிறவனுக்குத்தான் இந்த உலகத்தில் கோப்பை.

அன்று பாரில், பைனலுக்கு வந்திருந்த தடி மேஜர் கிளாஸைத் தட்டிச் சொன்னார்: "என் பீரங்கி அத்தனையும் ஹேமாவதி மேல்தான். முதலில் அதை முழுக அடிப்பேன். மற்றதெல்லாம் பிறகு."

ரெமிஜியஸ் ஊற்றின விஸ்கி மேஜர் சட்டைக் கையில் ஊறியது.

வீட்டில் இதைக் கேட்ட பெர்னதெத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டியிலிருந்து ஜெயராஜ் சட்டையை எடுத்துத் துவைத்தாள். அழுக்கே இல்லாத சட்டை. காயப் போட்டுவிட்டு, ஜெபமாலையோடு மூலையில் உட்கார்ந்தாள். சோறு வேண்டாம் என்றாள்.

பைனல் அன்று ரெமிஜியஸ் ஹால் தரைக்கு மெழுகு போட்டார். மேஜர் பக்கம் கொஞ்சம் அதிகம். மேஜர் கால் வழுக்கி, கோபத்தில் எழுந்து போனால் ஆட்டம் நின்றுவிடும் என்று நினைப்பு.

மேஜர் முட்டி போட்டார். முட்டி ஒரு பக்கம் போனது, மேஜர் ஒரு பக்கம் போனார். ஏரியில் எருமை இறங்கின மாதிரி இரண்டு பக்கத்துக் கப்பல் மேலும் குப்புற விழுந்தார். மூக்கிலிருந்து ரத்தம். கப்பல்கள் மூலைக்கு ஒன்றாகப் பறந்தன. ரெமிஜியஸ் சூப் தட்டோடு ஓடிப் பொறுக்கினார். எல்லாம் தட்டுக்குப் போயின. ஒன்று மட்டும் கோட்டுப் பைக்குள் போனது.

"ஹேமாவதி எங்கே?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார் மேஜர். "பட்லரைச் சோதனை போடுங்கள்! தரையில் மெழுகு ஊற்றினதும் இவன்தான்!"

கேப்டன் கக்கத்துக் கட்டைகளை ஊன்றி வந்தார். ரெமிஜியஸ் முகத்தைப் பார்த்தார். கோட்டுப் பையையும் பார்த்தார்.

"தேட வேண்டாம்" என்றார். "அது தப்பிப் போயிருந்தால் போகட்டும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை.

கப்பல் போகட்டும், மேஜர் மூக்கு போகலாமா? கிளப் செக்ரட்டரி அங்கேயே சொல்லிவிட்டார்: "நாளையிலிருந்து வராதே." இத்தனை வருஷ வேலை ஒரு வார்த்தையில் தீர்ந்தது. ரெமிஜியஸ் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். வழியில் பார்த்தவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்தார்கள்.

பெர்னதெத் கப்பலை மாதா படத்துக்கு முன்னால் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். வேலை போனதைச் சொன்னார்.

"போனா போவுது. புள்ள வந்து சம்பாரிப்பான்" என்றாள். அன்றைக்குத்தான் தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டாள்.

கை கழுவுவதற்குள் ரங்கா வந்துவிட்டான்.

"அண்ணே, உன்ன வேலைய வுட்டு எடுத்தது எனக்கு ரொம்ப பேஜாராயிடுச்சி. ஆனா நீ பைல போட்டத நான் பாத்தேன். பெட்டிக்கு நான்தான் பொறுப்பு. சும்னே குடுத்துடு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ரெமிஜியஸ் முகம் சுருங்கியது. பெர்னதெத் முகம் சுருங்கவில்லை. அவனை உட்கார வைத்து காப்பி கொடுத்தாள்.

"எடுத்துக்கினு போப்பா. ஆட்டம் முடிஞ்சிடுச்சி. இனிமே அதுக்கு ஒண்ணும் ஆவாது." கப்பலைக் கன்னத்தில் ஒற்றி, கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். மனசு லேசாகிவிட்டதால் பேச்சும் வந்தது. "ஏம்பா, கப்பல் பேர வெளில சொல்லக் கூடாதுன்னு ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கானுங்க. உங்க தொரை மட்டும் அவ்ளோ சத்தமா கூவுறாராமே, அவரப் புடிச்சி உள்ள போட மாட்டாங்களா?"

ரங்கா காப்பியை ஊதிக் குடித்தான்.

"அது ஓடுற கப்பலுக்குத்தாம்மா. முழுகிப் போச்சின்னு சேதி வந்தப்புறந்தான் எங்க தொரை அதச் செதுக்கவே ஒக்காருவாரு."